டிவி முன்னால் உட்கார்ந்தாலே எரிச்சலா? புகாரைச் சொல்லுங்கள், காரணத்தைப் பிடிப்போம்

ராத்திரி சாப்பாடு முடிந்து வீடே ஒன்றாக உட்காரும் நேரம் அது ஒன்றுதான். அந்த நேரத்தில் டிவி படுத்தினால் வரும் கோபம் நியாயமானது. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய பெட்டி, மாதாமாதம் கட்டும் பணம், எல்லாம் இருந்தும் நிம்மதியாக ஒரு படம் பார்க்க முடியவில்லை என்றால் யாருக்குத்தான் எரியாது?

உறவுக்காரர் வீடு, நண்பர் வீடு என்று எங்கே போனாலும் காபிக்கு முன் எனக்கு வருவது டிவி பற்றிய புகார்தான். அவற்றில் பெரும்பகுதி பழுதே இல்லை. டிவி கம்பெனியோ, சேனலோ, ஆப்போ தன் வசதிக்கு வைத்துவிட்டுப் போன அமைப்பு. அதை மாற்றும் இடம் மெனுவில் இருக்கிறது. சிலவற்றுக்குச் சட்டமும் இருக்கிறது. மெக்கானிக்குக்குப் போன் போடுமுன் உங்கள் புகார் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

“வசனம் காதிலேயே விழல. பாட்டு வந்தா பக்கத்து வீடே முழிச்சுக்குது”

அதிகம் வரும் புகார் இதுதான். அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், காதைச் சந்தேகப்படாதீர்கள். “உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சு தாத்தா” என்று சொல்லிப் பெரியவர்களை வாயடைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அது தப்பு. கல்லூரி போகும் பிள்ளைகளே தமிழ்ப் படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்க்கும் காலம் இது.

காரணம் இப்படி. சினிமாவின் ஒலி பெரும்பாலும் 5.1 என்ற முறையில் ஆறு தடங்களாகத் தயாராகிறது. வசனத்தில் முக்கால்வாசிக்கு மேல் நடுத் தடத்தில் இருக்கும். தியேட்டரில் அதற்கென்று திரைக்குப் பின்னால் தனி ஸ்பீக்கர் உண்டு. உங்கள் டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், அதுவும் பெரும்பாலும் கீழே தரையைப் பார்த்தபடி. ஆறு தடமும் அந்த இரண்டுக்குள் அடைக்கப்படும்போது பின்னணி இசையும் சண்டைச் சத்தமும் வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. தியேட்டர் ஒலியை 85 டெசிபல் என்ற அளவை அடிப்படையாக வைத்து அமைக்கிறார்கள். வீட்டில் நாம் அதைவிட எவ்வளவோ குறைத்துத்தான் கேட்கிறோம். அப்போது கிசுகிசு வசனம் அடியோடு மறைந்துவிடும். வெடிச் சத்தம் மட்டும் தப்பிப் பிழைக்கும்.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

படம் ஓடும்போதே ஆப்பின் மொழிப் பட்டியலைத் திறங்கள். சில ஆப்களில் “தமிழ்” என்று ஒன்று, “தமிழ் 5.1” என்று இன்னொன்று இருக்கும். சவுண்ட்பார் (டிவிக்கு வெளியே தனியாக வைக்கும் நீள ஸ்பீக்கர்) இல்லாத வீட்டில் 5.1 இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? டிவியின் சவுண்ட் மெனுவுக்குப் போங்கள். ‘சினிமா’, ‘மியூசிக்’ என்று இருந்தால் அதை மாற்றி, ‘க்ளியர் வாய்ஸ்’ என்றோ ‘டயலாக்’ என்றோ ‘நியூஸ்’ என்றோ இருப்பதை வையுங்கள். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வேலை ஒன்றுதான்: குரல் இருக்கும் அலைவரிசையைத் தூக்கிக் கொடுப்பது. ‘பேஸ்’ என்ற அடித்த முழக்கத்தைக் குறையுங்கள். ‘நைட் மோட்’ இருந்தால் போடுங்கள். அது உரத்த சத்தத்தை அமுக்கி, மெல்லிய சத்தத்தை ஏற்றும். குழந்தை தூங்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல பொத்தான் கிடையாது.

அடுத்து டிவி இருக்கும் இடம். ஷோகேஸுக்குள் உள்ளே தள்ளி, முன்னால் கொலு பொம்மையும் போட்டோ ஃப்ரேமும் வைத்திருந்தால், கீழ்நோக்கி வரும் ஒலி பலகையில் மோதிக் குழம்பும். டிவியைப் பலகையின் விளிம்புவரை முன்னால் இழுங்கள், முன்னால் இருப்பதை அகற்றுங்கள். காசில்லாத வைத்தியம், வித்தியாசம் உடனே தெரியும்.

சவுண்ட்பார் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தால், பெட்டியில் 2.1 என்று போட்டிருப்பதைவிட 3.1 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அந்த மூன்றாவதுதான் வசனத்துக்கான நடு ஸ்பீக்கர். ‘இத்தனை வாட்ஸ்’ என்ற பெரிய எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட்ஸ் கூடினால் வசனம் தெளியாது.

“விளம்பரம் வந்ததும் டிவி கத்துது”

உண்மைதான், பிரமை இல்லை. விளம்பரத்தின் உச்ச ஒலி நிகழ்ச்சியின் உச்ச ஒலியைத் தாண்டாமல்கூட இருக்கலாம். ஆனால் சீரியலில் அழுகை, மௌனம், அதட்டல் என்று ஒலி ஏறி இறங்கும். விளம்பரத்தில் இறக்கமே இருக்காது. முப்பது விநாடியும் உச்சத்தை ஒட்டியே இருக்கும்படி அமுக்கித் தயாரிக்கிறார்கள். காது சராசரியைத்தான் கேட்கிறது.

டிவியின் சவுண்ட் மெனுவில் ‘ஆட்டோ வால்யூம்’ இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் வைத்திருக்கின்றன, ஆனால் அணைத்தே அனுப்புகின்றன. போட்டுவிட்டால் விளம்பரத்தின் ஏற்றம் பாதியாவது அடங்கும். இசை கேட்கும்போது மட்டும் அணைத்துக்கொள்ளுங்கள். கச்சேரியின் ஏற்ற இறக்கத்தையும் அது தட்டையாக்கிவிடும். செட்-டாப் பாக்ஸுக்குத் தனி வால்யூம் உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. அதை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, டிவி ரிமோட்டில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கினால் எந்த அளவும் நிலைக்காது.

இனி சட்டம். 1994-ஆம் ஆண்டின் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க்ஸ் விதிகளில் 7-ஆவது விதி முழுக்க விளம்பரத்தைப் பற்றியது. விளம்பரத்தின் படமும் ஒலியும் அளவுக்கு மீறி உரக்க இருக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனல் தன் நிகழ்ச்சிகளுக்கே செய்துகொள்ளும் விளம்பரம். அந்த 12 நிமிடக் கணக்கை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இறுக்கிப் பிடித்தபோது சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. நிகழ்ச்சி ஓடும்போதே திரையின் கீழ்ப்பகுதியை எடுத்துக்கொண்டு விளம்பர வரி ஓட்டுவதும் கூடாது என்று அதே விதி சொல்கிறது. கடைசி ஓவரில் ஸ்கோரை மறைத்துக்கொண்டு சோப்பு வந்து நின்றதைப் பார்த்தவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

எழுத்தில் இருப்பது திரையில் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். “உரக்க” என்றால் எத்தனை டெசிபல் என்று நம் விதி சொல்லவில்லை. அமெரிக்காவில் 2010-இல் நிறைவேறிய ‘காம்’ சட்டம், விளம்பரத்தின் சராசரி ஒலி நிகழ்ச்சியின் சராசரியைத் தாண்டக் கூடாது என்று அளவுகோல் வைத்தது. 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது. ஓடிடி விளம்பரங்களுக்கும் அதே கட்டுப்பாட்டைக் கலிபோர்னியா மாநிலம் 2025 அக்டோபரில் சட்டமாக்கியது. நமக்கும் அப்படியோர் அளவு வேண்டும்.

அதுவரை புகார் செய்யுங்கள். 2021 ஜூனில் வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு சேனலும் குறைதீர்க்கும் அலுவலரின் விவரத்தைத் தன் இணையதளத்தில் போட வேண்டும், புகாருக்கு 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சேனல் பெயர், தேதி, மணி, என்ன விளம்பரம், திரையைப் போனில் எடுத்த சின்ன வீடியோ, 7-ஆவது விதி என்ற குறிப்பு. இவ்வளவும் இருந்தால் உங்கள் கடிதத்தை ‘பொத்தாம்பொதுவான புகார்’ என்று ஓரங்கட்ட முடியாது.

“புது டிவியில சினிமாவே சீரியல் மாதிரி தெரியுது”

பெரிய திரைப் படம் ஏதோ ஷூட்டிங் ஸ்பாட்டில் நின்று நேரில் பார்ப்பதுபோல வழவழவென்று ஓடும். நடிகர்களின் அசைவில் ஒரு வழுக்கல். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஒட்டாது.

சினிமா விநாடிக்கு 24 சட்டகங்களில் (ஃப்ரேம்) எடுக்கப்படுகிறது. டிவி, இடையில் இல்லாத சட்டகங்களைத் தானே கற்பனை செய்து செருகி 50, 60, 120 என்று நிரப்புகிறது. கிரிக்கெட்டில் பந்து மங்காமல் தெரிய இது உதவும். சினிமாவுக்கு இது கேடு. ஒளிப்பதிவாளர் யோசித்து யோசித்து வைத்த அசைவை ஒரு சிப் திருத்தி எழுதுவதை எப்படி ஏற்பது? 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோவே போட்டார்கள்.

பிக்சர் மெனுவில் தேடுங்கள். சாம்சங்கில் ‘பிக்சர் க்ளாரிட்டி’ (பழையதில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’), எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, வேறு பலவற்றில் ‘எம்இஎம்சி’. அணையுங்கள். 2019-இல் அறிவிக்கப்பட்ட ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ உங்கள் டிவியில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். இந்தச் செருகல் வேலைகள் எல்லாவற்றையும் அது ஒரே அடியில் நிறுத்திவிடும். முதல் பத்து நிமிடம் படம் மங்கலாக, கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். கண் பழகட்டும், பிறகு சொல்லுங்கள்.

“நான் வெளிச்சத்தைக் குறைச்சா அதுவே மறுபடி ஏறிக்குது”

டிவி இன்னும் கடையிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஷோரூம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்க ‘ஸ்டோர் மோட்’ அல்லது ‘ரீடெய்ல் மோட்’ என்று ஒன்று உண்டு. அதில் நீங்கள் எதை மாற்றினாலும் சில நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். மூலையில் டிவியின் பெருமைகளும் ஓடிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் ‘யூசேஜ் மோட்’ போன்ற இடத்தில் ‘ஹோம்’ என்று மாற்றுங்கள். கரண்ட் பில்லும் குறையும்.

“உதடு ஒண்ணு சொல்லுது, சத்தம் ஒண்ணு சொல்லுது”

டப்பிங் படத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். அங்கே உதடு ஒட்டாதது டிவியின் குற்றமில்லை. தமிழ்ச் செய்தி சேனல் ஒன்றைப் போட்டு, வாசிப்பவரின் வாயை மட்டும் பாருங்கள். ப, ம இரண்டும் உதடு ஒட்டினால்தான் பிறக்கும். “பிரதமர்”, “முதலமைச்சர்” என்று வரும்போது உதடு ஒட்டுவதும் சத்தமும் சேர்ந்து வருகின்றனவா? சத்தம் முந்துகிறதா, பிந்துகிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம், ஏனென்றால் வைத்தியம் இரண்டுக்கும் நேர் எதிர்.

சத்தம் முந்தினால், படத்தை மெருகேற்ற டிவி நேரம் எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன செருகல் வேலையை அணைத்தாலே பாதி சரியாகும். மிச்சத்துக்கு டிவியிலோ சவுண்ட்பாரிலோ ‘ஆடியோ டிலே’ என்ற அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

சத்தம் பிந்தினால், கிட்டத்தட்ட எப்போதும் ப்ளூடூத்தான் காரணம். சவுண்ட்பாரை ப்ளூடூத்தில் இணைத்திருந்தால் அதை விட்டுவிட்டு, ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகுங்கள். டிலே அளவு ஏற்கெனவே ஏறியிருந்தால் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் முந்துவதைவிடப் பிந்துவதை நம் மூளை அதிகம் பொறுத்துக்கொள்ளும். இடி இடிப்பது மின்னலுக்குப் பின்னால்தானே.

“ரிமோட்டைத் தட்டினாத்தான் வேலை செய்யுது”

தட்டினால் ஏன் வேலை செய்கிறது? பேட்டரியின் முனைக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே மெல்லிய களிம்பு படிந்திருக்கும். தட்டும்போது பேட்டரி நகர்ந்து களிம்பு கொஞ்சம் சுரண்டப்படுகிறது, மின்சாரம் பாய்கிறது. ஒரு வாரத்தில் மறுபடி தட்டல். ஆகவே தட்டுவதை நிறுத்திவிட்டு மூடியைத் திறங்கள்.

ஸ்பிரிங்கில் வெள்ளையாக உப்பு பூத்ததுபோல இருக்கிறதா? ஆல்கலைன் பேட்டரி ஒழுகியிருக்கிறது. பட்ஸை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ லேசாக நனைத்துத் துடையுங்கள்; நுரைத்துக் கரையும். காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்து, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு, இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் பழையதும் கலந்தால் பழையது சீக்கிரம் ஒழுகி, மறுபடி இதே வேலை.

பேட்டரி சரி, ஆனாலும் அசையவில்லை. போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதன் முன் காட்டி ஒரு பொத்தானை அமுக்குங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் கேமராவில் ஊதா கலந்த வெள்ளைப் பொட்டாகச் சிமிட்டும். சிமிட்டினால் ரிமோட் நலம், கோளாறு டிவி பக்கம். சென்சாரை ஏதாவது மறைக்கிறதா, நேர் வெயில் விழுகிறதா பாருங்கள். சிமிட்டவில்லை என்றால் ரிமோட் போய்விட்டது. குரல் தேடல் உள்ள புது ரிமோட்டுகள் பல ப்ளூடூத்தில் ஓடுபவை, அவற்றில் இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றை டிவியோடு மறுபடி ஜோடி சேர்க்க வேண்டும். ஃபயர் டிவி ரிமோட் என்றால் ஹோம் பொத்தானைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள்.

ஒரே ஒரு பொத்தான் மட்டும் மக்கர் செய்கிறது, அதுவும் வால்யூம் அல்லது ஓகே என்றால், உள்ளே இருக்கும் ரப்பர் தாளின் அடியில் கரிப் பொட்டில் எண்ணெய் இறங்கியிருக்கிறது. முறுக்கு கையோடு சேனல் மாற்றும் வீடுகளில் இது நிச்சயம். பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் விட்டு ரிமோட்டின் கூட்டைப் பிரித்து, ரப்பரின் அடிப்பக்கத்தையும் பச்சை சர்க்யூட் பலகையையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவைத்து மூடுங்கள். தண்ணீர் வேண்டாம்.

“ரெண்டு ரிமோட், அம்மா டிவி போடறதையே விட்டுட்டாங்க”

இந்தப் புகாரை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்வதில்லை. நான் எடுத்துக்கொள்வேன். மகன் வந்து போட்டுக் கொடுக்கும்வரை காத்திருக்கிற நிலை எந்த அம்மாவுக்கும் வரக் கூடாது.

டிவியும் செட்-டாப் பெட்டியும் எச்டிஎம்ஐ கேபிளில் இணைந்திருந்தால் ஒன்றின் ரிமோட்டால் மற்றதையும் இயக்க வழி இருக்கிறது. சாம்சங்கில் ‘எனிநெட் பிளஸ்’, எல்ஜியில் ‘சிம்ப்லிங்க்’, சோனியில் ‘பிராவியா சிங்க்’. இரண்டு பக்கமும் அதை ஆன் செய்தால், பெட்டியை எழுப்பும்போது டிவியும் எழுந்து சரியான இன்புட்டுக்கு வரும். பழைய பெட்டியாக இருந்து இது வேலை செய்யவில்லை என்றால், டிடிஎச் ரிமோட்டுகள் பலவற்றுக்கு டிவியின் பவரையும் வால்யூமையும் கற்றுக்கொள்ளும் வசதி உண்டு. கையேட்டில் ‘லேர்ன்’ என்ற பக்கத்தைப் பாருங்கள். செய்துமுடித்ததும் டிவி ரிமோட்டை அலமாரிக்குள் வையுங்கள். வெளியே கிடந்தால் யாராவது இன்புட்டை மாற்றுவார்கள், அம்மா மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

“மழை வந்தா படம் போயிடுது”

அடைமழையில் சில நிமிடம் போய் வந்தால் விட்டுவிடுங்கள். டிடிஎச் பயன்படுத்தும் கேயூ பேண்ட் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். ஐப்பசி, கார்த்திகையில் யார் வந்தாலும் இதைத் தடுக்க முடியாது. தூறலுக்கே போனால்தான் கோளாறு: டிஷ் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அல்லது டிஷ்ஷின் முன்னால் நீட்டியிருக்கும் எல்என்பி என்ற கருவியின் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அல்லது டிஷ் வைத்தபோது சிறியதாக இருந்த தென்னை இப்போது மட்டையை நீட்டி வழியை மறைக்கிறது. முதலில் மொட்டை மாடிக்குப் போய் டிஷ் பார்க்கும் திசையை ஒரு முறை பாருங்கள்.

நல்ல வெயிலில் பகலில் சில நிமிடம் போகிறது, அதுவும் மார்ச் நடுவாக்கில் அல்லது செப்டம்பர் கடைசியில், தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் என்றால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சில நாளில் தானாகச் சரியாகிவிடும். இதற்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

“படம் பார்க்கவே இல்ல, பணம் மட்டும் போகுது”

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். ‘ஏழு நாள் இலவசம்’ என்று ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எடுத்தபோதே, இலவச நாள் முடிந்ததும் முழுத் தொகையையும் எடுக்க நீங்கள் அனுமதி கொடுத்தாகிவிட்டது.

யுபிஐ ஆப்பில் உங்கள் ப்ரொஃபைலுக்குள் ‘ஆட்டோபே’ அல்லது ‘மேன்டேட்’ என்று ஒரு பக்கம் இருக்கும். யார் யாருக்கு எவ்வளவு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற முழுப் பட்டியல் அங்கே. வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். அதோடு அந்தச் சந்தா சேவையின் கணக்கிலும் ரத்து செய்துவிடுங்கள், இரண்டு பக்கமும் அடைபடும். கார்டில் போனால் வங்கியின் தளத்தில் இதே பட்டியல் கிடைக்கும். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது: பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், அதில் மறுக்கும் வழியும் இருக்க வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

சேருவதற்கு ஒரே ஒரு பொத்தான், விலகுவதற்கு மட்டும் ஏழு பக்கம், ‘உண்மையிலேயே போகிறீர்களா’ என்ற கெஞ்சல் என்று சுற்றவிட்டால், அதுவும் விதிமீறல்தான். 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாவில் சிக்கவைத்து வெளியே விடாமல் இருப்பது அதில் ஒன்று. ரத்து செய்யும் பொத்தான் கிடைக்காத பக்கங்களை ஒவ்வொன்றாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் போன தேதி, தொகை, நீங்கள் ரத்து செய்ய முயன்ற தேதி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.